வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊருக்கு

கோழிக்கோட்டு மக்களுக்கு,

பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஒரு நாவலை முழுக்கப் படித்து ரசிக்கும் அளவுக்கு வராது. உங்கள் எழுத்தாளர்களை நான் தமிழில்தான் படித்தேன். படித்து வளர்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கடனுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

2023 அக்டோபர் 31 அன்று யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் கூட்டமைப்பில் 55 நகரங்களைப் புதிதாகச் சேர்த்தது. இந்தியாவிலிருந்து இரண்டு: இசைக்காகக் குவாலியர், இலக்கியத்துக்காகக் கோழிக்கோடு. இலக்கிய நகரம் என்ற பெயரைப் பெற்ற முதல் இந்திய நகரம் உங்களுடையது. 2004இல் எடின்பரோவில் தொடங்கிய வரிசை அது; டப்ளினும் பிராகும் பாக்தாதும் லாகூரும் அதில் இருக்கின்றன. எங்கள் சென்னை 2017இல் இசைக்காக இதே கூட்டமைப்பில் சேர்ந்தது. அதனால் இப்படி ஒரு செய்தி வந்தால் ஒரு ஊருக்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். உங்கள் ஊரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நூலகங்கள், எழுபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த எண்ணிக்கைகள் பெரியவைதாம். ஆனால் என்னை நிற்க வைத்தது வேறொன்று.

கோழிக்கோட்டு எழுத்தாளர்கள் என்று நாம் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அவரவர் பிறந்த ஊரையும் எழுதிப் பாருங்கள். வைக்கம் முகம்மது பஷீர் தெற்கே தலயோலப்பறம்பில் பிறந்தவர். எம்.டி. வாசுதேவன் நாயர் பாரதப்புழைக் கரையில் கூடல்லூர்க்காரர். உறூபு பொன்னானி. அக்கித்தம் குமரநல்லூர். என்.வி. கிருஷ்ண வாரியர் திருச்சூர்ப் பக்கம். குஞ்ஞுண்ணி மாஷ் வலப்பாடு. யு.ஏ. காதரோ பர்மாவில் பிறந்தவர். இவர்களைப் பெற்ற ஊர்கள் வேறு. வைத்துக்கொண்ட ஊர் உங்களுடையது. பிழைக்க ஒரு வேலை, சாயங்காலம் பேச நாலு பேர், எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் தெருவில் நிறுத்திச் சண்டை போட ஒரு வாசகர் என்று எழுதுகிறவனுக்குத் தேவையான எல்லாவற்றையும் நீங்கள் கொடுத்தீர்கள். வந்தவர்களை எழுத விட்டீர்கள். உங்களுக்கு நான் நன்றி சொல்வது முதலில் அதற்குத்தான்.

இந்தக் குணம் உங்களுக்குக் கடலிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1442இல் பாரசீகத் தூதராக உங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கிய அப்துர் ரசாக், வணிகர்கள் சரக்கை இறக்கி அங்காடியில் போட்டுவிட்டுக் காவலைப் பற்றிக் கவலையில்லாமல் போகிறார்கள் என்று வியந்து எழுதினார். உங்கள் அரசரான சாமூதிரியின் சுங்க அதிகாரிகளே காவல் இருந்தார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி. விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. அரபியும் குஜராத்தியும் சீனனும் வந்து போன கரையில், வேற்று ஊர்க்காரனை நம்புவது தொழிலுக்கு வேண்டிய குணமாக இருந்தது. அதுவே பிற்பாடு உங்கள் எழுத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படி வந்தவர்களில் பழைய ஆள் ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. பதினைந்தாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்திலிருந்து புறப்பட்டு உங்கள் மானவிக்கிரம சாமூதிரியின் சபைக்கு வந்த உத்தண்ட சாஸ்திரி. துலாம் மாதம் ரேவதி நட்சத்திரத்தில் தொடங்கித் தளி கோயிலில் ஏழு நாள் நடக்கும் ரேவதி பட்டத்தானம் என்ற வாத சபையில், வியாகரணம், மீமாம்சை என்று எந்தத் துறை வாதமானாலும் பணக்கிழி அவருக்கே போய்க்கொண்டிருந்தது. அவரை வெல்வதற்காகவே ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்று நம்பூதிரிமார் வேண்டிக்கொண்டார்கள். அப்படிப் பிறந்தவர்தான் காக்கசேரி பட்டதிரி என்பது உங்கள் ஊர்க் கதை. சாஸ்திரியின் கிளியே வாதம் செய்யும் என்பதால் பட்டதிரி ஒரு பூனையோடு வந்தாராம். பூனையைக் கண்ட கிளி வாயைத் திறக்கவில்லையாம். கதையை நம்புவதும் நம்பாததும் இருக்கட்டும். வெளியூர்ப் புலவனைத் தோற்கடிக்க ஒரு தலைமுறை காத்திருந்த ஊர், அவனை ஒருநாளும் சபையை விட்டு விரட்டவில்லை. ஜெயித்த காலமெல்லாம் கிழியை அவன் கையில் கொடுத்தது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சாஸ்திரி எழுதிய கோகில சந்தேசத்தில் ஒரு குயில் தூது போகிறது. புறப்படும் இடம் காஞ்சிபுரம். போய்ச் சேரும் இடம் கேரளத்துச் சேந்தமங்கலம். தன் இரண்டு ஊர்களையும் அவர் ஒரு பறவையை வைத்துச் சேர்த்துவிட்டார்.

அதே சபையில்தான் பதினெட்டரைக் கவிகள் இருந்தார்கள். பதினெட்டுப் பேர் முழுக் கவிகள்; புனம் நம்பூதிரி மட்டும் அரைக் கவி. அவர் மலையாளத்தில் எழுதினார் என்பதால்தான் அந்த அரை என்று பலர் சொல்வார்கள். சமஸ்கிருதம் அல்லாத எதையும் மதிக்காத உத்தண்ட சாஸ்திரியே புனத்தின் மலையாளச் செய்யுள் ஒன்றைக் கேட்டுப் பட்டு போர்த்தினார் என்றும் கதை உண்டு. அன்றைக்கு அரைக் கவியாக நின்றவரின் மொழிக்குத்தான் இன்று உலகம் உங்கள் ஊரை அழைத்துப் பட்டம் தந்திருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரில் எத்தனை பேரின் பெயர் இன்று தெருவில் போகிறவருக்குத் தெரியும்?

உங்கள் இலக்கியம் கோயிலைச் சுற்றி மட்டும் வளரவும் இல்லை. குற்றிச்சிறைக் குளத்தங்கரைப் பள்ளிவாசல்களும் தளி கோயிலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. உங்கள் ஊர் காஜியாக இருந்த காஜி முகம்மது 1607இல் இயற்றிய முஹ்யித்தீன் மாலைதான் அரபி எழுத்தில் எழுதிய மலையாளத்தில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல். அரபுத்தமிழில் எழுதிப் பாடிய காயல்பட்டினத்து மக்களுக்கு அது உறவுமுறை. இதே காஜி அரபியில் இன்னொரு காவியமும் எழுதினார். 1571இல் சாலியத்துப் போர்த்துக்கீசியக் கோட்டையைச் சாமூதிரி பிடித்த கதை அது. பள்ளிவாசலின் காஜி ஒருவர் கோயிலைக் காக்கும் அரசனின் வெற்றியைப் பாடினார். உங்களுக்கு இது பழகிய செய்தியாக இருக்கலாம். எனக்கு ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நெஞ்சு நிறைகிறது.

அச்சு வந்தபின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அப்பு நெடுங்ஙாடியின் குந்தலதா நாவல் 1887இல் வந்தது. பரப்பனங்காடியில் முன்சீப்பாக இருந்த சந்து மேனோனின் இந்துலேகா 1889இல் கோழிக்கோட்டு அச்சகத்திலிருந்து வெளியானது. 1923 மார்ச்சில் கே.பி. கேசவ மேனோனை ஆசிரியராகக் கொண்டு மாத்ருபூமி பத்திரிகை. 1932இல் அதன் வார இதழ்.

அந்த வார இதழில் கொஞ்சம் நிற்க வேண்டும். என்.வி. கிருஷ்ண வாரியர் அதன் பொறுப்பில் இருந்தபோது, பொன்னானித் தாலுகாவின் கிராமத்திலிருந்து வந்த எம்.டி. என்ற இளைஞருக்கு அங்கே உதவி ஆசிரியர் நாற்காலி கிடைத்தது. 1968இல் அவரே ஆசிரியரானார். அந்த வருடம்தான் ஓ.வி. விஜயனின் கசாக்கின் இதிகாசம் அதில் தொடராக வந்தது. மலையாள நாவல் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும் அளவுக்கு ஆயிற்று. விஜயன் கதையை நட்டது எனக்கும் உங்களுக்கும் நடுவே பாலக்காட்டுப் பனைகளுக்கிடையில்; அது முதலில் அச்சேறியது உங்கள் ஊரில். அதே இதழில் ரப்பர் வாரிய ஊழியரான ஜி. அரவிந்தன் 1961 முதல் வாரா வாரம் சின்ன மனிதர்களையும் பெரிய உலகத்தையும் கார்ட்டூனாக வரைந்துகொண்டிருந்தார். பிறகு அவர் சினிமா எடுத்தபோது கதைக்கும் பணத்துக்கும் துணை நின்றவர்களும் அதே சாயங்கால நண்பர்கள்தாம். குஞ்ஞுண்ணி மாஷ், குட்டேட்டன் என்ற பெயரில் குழந்தைகளின் பக்கத்தை நடத்தினார். எழுதத் தொடங்கும் சிறுவர்களின் வரிகளைத் திருத்தி, பதில் எழுதி, அச்சில் ஏற்றினார். பின்னாளில் பெரிய பெயரெடுத்தவர்கள் எத்தனை பேர் தங்கள் முதல் வரி அந்தப் பக்கத்தில் வந்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சம்பளம் இல்லாத நேரத்தில் செய்த வேலை இது. ஒரு இலக்கிய நகரம் எப்படி உண்டாகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் குட்டேட்டனைத்தான் காட்டுவேன்.

அடுத்தது வானொலி. 1950இல் கடற்கரையோரம் கோழிக்கோட்டு நிலையம் தொடங்கியபோது, கவிஞனுக்கும் கதாசிரியனுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் என்ற அதிசயம் அங்கே நடந்தது. உறூபு, திக்கோடியன், பி. பாஸ்கரன், அக்கித்தம், என்.என். கக்காடு, இசைக்குக் கே. ராகவன் என்று ஒரே கட்டடத்தில் இத்தனை பேர். அவர்கள் எழுதிய நாடகமும் பாட்டும் எழுத்தறியாதவரின் வீட்டுக்கும் போயின. இலக்கியம் காதுவழியே ஊருக்குள் இறங்கியது. 1954இல் நீலக்குயில் படம் வந்தது. கதை உறூபு, பாட்டும் இயக்கத்தில் ஒரு பங்கும் பாஸ்கரன், இசை ராகவன். மலையாளப் படம் ஒன்று தேசிய அளவில் பரிசு பெற்றது அதுவே முதல் முறை. அதில் பாடிய கோழிக்கோடு அப்துல் காதரின் குரலை இன்றும் உங்கள் முதியவர்கள் நினைவிலிருந்து பாடுகிறார்கள்.

இசையமைப்பாளர் எம்.எஸ். பாபுராஜையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். வங்காளத்திலிருந்து வந்த இந்துஸ்தானிப் பாடகர் ஒருவரின் மகன். சிறு வயதிலேயே ஆதரவிழந்து தெருவில் பாடித் திரிந்தவர். ஊர் போலீஸ்காரர் ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொண்டார். அங்காடிக் கிடங்குகளின் மாடி அறைகளில், சரக்கு மூட்டைகளுக்கு மேலே, இரவு முழுக்க ஆர்மோனியமும் தபலாவுமாக மெஹ்பில் நடத்திய உங்கள் சுமைத்தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும்தாம் அவருக்கு முதல் ரசிகர்கள். 1978இல் அவர் உயிர் பிரிந்தது எங்கள் சென்னையில். குரல் உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

பஷீரைப் பற்றி எழுதாமல் எந்தத் தமிழனும் உங்களுக்கு மடல் எழுத முடியாது. 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் சேர, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு ஓடி வந்தவர் அவர். அடிபட்டு, கண்ணூர்ச் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு இந்தியா முழுக்க அலைந்து, சமையல்காரராகவும் சாமியாராகவும் கைரேகைக்காரராகவும் வேலை பார்த்து, பேரும் புகழும் பெற்று, பல வருடம் கழித்து உங்கள் பேப்பூரில் வந்து உட்கார்ந்தார். 1994 ஜூலை 5 அன்று காலமாகும்வரை அங்கேயே இருந்தார். மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் கிராமபோன், அதில் சைகலும் பங்கஜ் மல்லிக்கும். அவருடைய பெரிய நாவல்களில் பெரும்பாலானவை பேப்பூருக்கு வருவதற்கு முன்பே எழுதி முடிந்தவை என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டு வாசல் யாருக்கும் அடைக்கப்படவில்லை. கல்லூரி மாணவர், படகுக்காரர், உரு என்னும் மரக்கப்பல் கட்டும் தச்சர், வேலை கேட்டு வந்தவர், சும்மா பார்க்க வந்தவர் என்று வந்த எல்லோருக்கும் தேநீர் கலந்து கொடுத்துக் களைத்தவர் அவர் மனைவி பாபி பஷீர். அவருக்கும் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். பின்னாளில் அவரே தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார்.

அந்தத் தோட்டத்தில் பிறந்த கதை ஒன்று இருக்கிறது, பூமியின் உரிமையாளர்களைப் பற்றியது. 1977இல் ஒரு தொகுப்பில் வந்தது. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விலைக்கு வாங்கி, வேலியும் போட்டாயிற்று. பிறகு பார்த்தால் பறவை, பாம்பு, வௌவால், எலி, நரி எல்லாம் அங்கே முன்பே குடியிருக்கின்றன. மனைவி அவற்றை ஒழிக்க வேண்டும் என்கிறார். கணவனோ, பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் இந்த மண்ணுக்கு அவையும் வாரிசுகள் என்கிறான். நான் இத்தனை நேரம் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல முயல்வதை அவர் அந்தக் கதையில் ஒரே தோப்புக்குள் சொல்லிவிட்டார். தனக்கு இடம் கொடுத்த ஊரிடம் கற்றதை அவர் வௌவாலுக்கும் நீட்டினார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

பேப்பூர் எங்களுக்கு இன்னொரு விதத்திலும் பழைய உறவு. மதராஸிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட முதல் ரயில் பாதை 1862இல் முழுமையடைந்தபோது, அதன் கடைசி நிலையத்துக்குப் பெயர் பேப்பூர். நிலையம் இருந்தது ஆற்றின் இந்தப் பக்கம், சாலியத்துக் கரையில். கோழிக்கோட்டு நகரத்துக்கே ரயில் வர 1888 ஆயிற்று.

யு.ஏ. காதரின் கதையும் எனக்குப் பிடித்தது. பர்மியத் தாய் அவர் பிறந்த சில நாட்களில் இறந்துபோனார். ஏழு வயதில், உலகப் போர்க் காலத்தில், தந்தை வழி ஊரான கொயிலாண்டிக்கு அகதியாக வந்து சேர்ந்தார். முகம் வேறு, மொழி வேறு. மலையாளத்தை அந்த வயதில் கற்றுக்கொண்டு, பின்னாளில் திருக்கோட்டூர் என்ற நாட்டுப்புறத்தின் பேச்சு வழக்கையே இலக்கியமாக்கினார். பிறவியிலேயே மலையாளம் பேசியவர்கள் கவனிக்காமல் விட்ட சொற்களை அவர் கவனித்தார். 2009இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

இவர்கள் எல்லோரும் வந்தவர்கள். உள்ளூரிலேயே பிறந்த எஸ்.கே. பொற்றெக்காட் என்ன செய்தார்? வெளியே போனார். 1949 தொடங்கி ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தோனேசியா என்று சுற்றி, ஒவ்வொன்றையும் எழுதி உங்கள் கையில் கொடுத்தார். ஊர் உலகத்தை உள்ளே விட்டது. ஊரின் பிள்ளை உலகத்துக்குப் போய் வந்தான். அவருடைய ஒரு தெருவின் கதை 1960இல் வந்தது. உங்கள் மிட்டாய்த் தெருவின் கதை. அதில் நடமாடுகிறவர்கள் பத்திரிகை விற்கிற குறுப்பும், சுமை தூக்குகிறவர்களும், பிச்சைக்காரர்களும், சில்லறைக்காரர்களும். இன்று அந்தத் தெரு முனையில் பொற்றெக்காட்டுக்குச் சிலை வைத்திருக்கிறீர்கள். அவர் எழுதிய ஆட்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள்.

அந்தத் தெருவின் கதை முடியவும் இல்லை. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள், கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் போராடியது இதே தெருவில்தான். தையல் தொழிலாளியான விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் தொடங்கிய அந்தப் போராட்டத்தால் 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் அப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எங்கள் ஊர்க் கடைப் பெண்களால் இன்று ஒரு முக்காலியில் உட்கார முடிகிறது என்றால் அதற்கும் உங்கள் தெருவுக்கு நன்றி சொல்ல வேண்டும். இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பொற்றெக்காட் இருந்திருந்தால் அடுத்த அத்தியாயமாக இதைத்தான் எழுதியிருப்பார்.

நூலகங்களைப் பற்றிச் சொல்லும்போது நாம் இரு தரப்பும் ஒரே வீட்டில் இருந்த காலம் நினைவுக்கு வருகிறது. 1956வரை மலபார் மதராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டம் உங்களுக்கும் பொருந்தியது. சொத்து வரியோடு நூலகத்துக்கென்று ஒரு சிறு வரி. அந்தப் பணத்தில் மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நீங்கள் வாசகசாலைகளைக் கட்டிவிட்டீர்கள். முப்பதுகளில் விடுதலை இயக்கத்தோடும் விவசாயிகள் இயக்கத்தோடும் வளர்ந்த கொட்டகைகள் அவை. பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வடக்கே கண்ணூர்வரை பீடிக் கம்பெனிகளில் இது ஒரு முறையாகவே இருந்தது: ஒருவர் படிப்பார், அவருக்கான பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். இலக்கிய நகரப் பட்டயத்தில் யாருடைய பெயரை எழுதினாலும், அந்தப் பீடியைச் சுற்றிக் கொடுத்தவர்களின் பெயர் முதலில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்களுக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். வயநாட்டுக் காட்டில் மலேரியாவோடு போராடிய தெற்கத்திக் குடியேறிகளைப் பற்றிப் பொற்றெக்காட் எழுதிய நாவலை விஷக்கன்னி என்று தமிழில் தந்தார் குறிஞ்சிவேலன். 1994இல் அதற்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. எம்.டி.யின் பீமனையும் இரண்டாம் இடம் வழியாக அவர்தான் எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். பஷீரின் புத்தகங்களைக் குளச்சல் மு. யூசுப் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். மதில்களை சுகுமாரன். கசாக்கின் இதிகாசத்தை யூமா வாசுகி; 2017இல் அவருக்கும் அந்த விருது. பஷீரை ஒரு தமிழ் எழுத்தாளர் என்று நினைத்தே படிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களை நான் திருத்துவதில்லை.

2024 ஜூன் 23 அன்று உங்கள் மாநில அரசு இலக்கிய நகர அறிவிப்பை விழாவாக நடத்தியது. அதற்குள்ளேயே இழப்பும் தொடங்கிவிட்டது. யுனெஸ்கோ அறிவிப்பு வந்த மூன்று வாரத்தில், நவம்பர் 21 அன்று, பி. வத்ஸலா போய்விட்டார். உங்கள் மண்ணிலேயே பிறந்தவர். திருநெல்லி ஆதிவாசிகளின் வாழ்வை நெல்லு நாவலில் எழுதியவர். 2024 டிசம்பர் 25 அன்று எம்.டி.யும் போய்விட்டார். தன் இறுதிச் சடங்கில் ஆடம்பரம் வேண்டாம், பொது இடத்தில் உடலை வைக்க வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நீங்கள் அதை மதித்தீர்கள். கொட்டாரம் சாலையில் அவர் வீட்டு வாசலில் அமைதியாக வரிசையில் நின்றீர்கள். இவ்வளவு பெரிய மனிதரின் கடைசி ஆசையை ஒரு ஊர் முழுக்க நிறைவேற்றுவது எளிதில்லை. அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது உங்கள் மீது எனக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது.

நன்றி சொல்ல வந்தவன் ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன், உரிமையோடு. இன்று உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் யார்? மேற்கு வங்காளம், ஒடிசா, அசாம் பிள்ளைகள். அவர்களுக்கு முன்பே வந்து கட்டட வேலை செய்த எங்கள் தமிழர்கள். ஓட்டல் அடுப்படியிலும் சாரத்தின் மேலும் நிற்கிற அவர்களில், அன்றைய பஷீரைப் போல ஊர் ஊராக அலைந்து வந்த எழுத்தாளன் ஒருவன் இருக்கக்கூடும். பர்மியப் பையன் ஒருவனை மலையாளக் கதாசிரியனாக்கிய ஊர் உங்களுடையது. இவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு குட்டேட்டன் பக்கம் வேண்டும். ஜனவரியில் கடற்கரையில் நடக்கும் கேரள இலக்கிய விழாவில், கட்டணம் இல்லாமல் யாரும் வந்து மணலில் உட்காரலாம் என்பது 2016 முதல் உங்கள் வழக்கம். அந்தப் பந்தலில் ஒரு மாலையை இந்தத் தொழிலாளிகளின் மொழிகளுக்குக் கொடுங்கள். அவர்கள் தங்கியிருக்கிற பகுதி வாசகசாலைகளில் வங்காளியிலும் ஒடியாவிலும் அசாமியாவிலும் தமிழிலும் புத்தகம் வையுங்கள். விருதுத் தொகைகளுக்குச் செலவாவதில் ஒரு சிறு பங்கு போதும்.

தமிழ்ப் புத்தகங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இங்கே பதிப்பாளர்களிடமும் நண்பர்களிடமும் பேசிவிட்டேன். கதை, கவிதை, சிறுவர் நூல், வேலைக்குப் போகிறவர் இரவில் படிக்கும் அளவுக்குச் சின்னப் புத்தகங்கள் என்று பிரித்துக் கட்டத் தொடங்கியிருக்கிறோம். எந்த வாசகசாலைக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் நூலகச் சங்கத்தைச் சேர்ந்த யாராவது ஒருவர் எழுதுங்கள். காலை ரயிலில் ஏற்றினால் மதியத்துக்குள் உங்களிடம் வந்துவிடும்.



கோயம்புத்தூரிலிருந்து
உங்கள் வாசகன்